நுரையீரலை ஊதித் திறக்கலாமா? ஒரு பழைய வழக்கின் குறிப்புகள்

2021 மே மாதம். இரவு பதினொன்றரை மணி இருக்கும். என் தாய்மாமா ஐசியூவில் வென்டிலேட்டரில் இருந்தார். உள்ளே யாரையும் விடாத காலம் அது. நாளுக்கு ஒரு போன் வரும், அவ்வளவுதான். அன்றைக்குப் பேசியது இளவயது டியூட்டி டாக்டர் ஒருவர். "சார், நுரையீரலோட பின்பக்கம் நிறைய மூடிப்போச்சு. ஆக்ஸிஜன் ஏறலை. குப்புறப் படுக்க வைக்கப் போறோம்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் இணையத்தில் கண்டதையும் படித்துக்கொண்டிருந்தேன். 1998ல் வந்த ஒரு பிரேசில் ஆய்வு கண்ணில் பட்டிருந்தது. மூடிய நுரையீரலை 35, 40 அழுத்தத்தில் 40 வினாடி ஊதித் திறந்தார்களாம், இறப்பு பாதியளவுக்குக் குறைந்ததாம். அதை அப்படியே அவரிடம் ஒப்பித்துவிட்டு, "ஏன் டாக்டர் நீங்க அதைப் பண்ணக்கூடாது?" என்று கேட்டேன். கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "சார், 2017க்கு அப்புறம் அதெல்லாம் அப்படிப் பண்றதில்லை. பிபி விழுந்துடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாமா பதின்மூன்றாம் நாள் போய்விட்டார். என் போனில் அன்றிரவு நான் குறித்து வைத்தது "2017?" என்ற ஒற்றைச் சொல் மட்டும். அதன் பின்னால் போவதற்கு எனக்கு ரொம்ப நாள் ஆனது. நான் கோடு எழுதிப் பிழைப்பவன், மருத்துவம் படித்தவனில்லை. இது ஒரு வழக்கின் கட்டைப் பிரித்துப் படித்தவனின் குறிப்பு, அவ்வளவே. யாருக்கும் சிகிச்சை ஆலோசனை இல்லை.

முதலில் ஒரு சொல். இந்த வேலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ரெக்ரூட்மென்ட். எங்கள் துறையில் அந்த வார்த்தையைக் கேட்டால் எச்.ஆர். ஞாபகம்தான் வரும். அங்கேயும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். வேலையில் இல்லாமல் மூடிக்கிடக்கும் காற்றறைகளை மறுபடி வேலைக்குச் சேர்ப்பது.

வழக்கு நான் நினைத்ததைவிட மிகப் பழையது. 1732ல் ஸ்காட்லாந்தின் அல்லோவா என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கப் புகையில் மூச்சு நின்றுபோன ஒரு தொழிலாளியை, வில்லியம் டோஸாக் என்ற அறுவை மருத்துவர் வாயோடு வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைத்தார். அதை 1744ல் அச்சிலும் போட்டார். மறு வருஷம் லண்டனில் ஜான் ஃபாதர்கில் என்ற மருத்துவர் இதைப் பற்றி ராயல் சொசைட்டியில் பேசினார். வாயால் ஊதுவதற்குப் பதில் துருத்தியால் ஊதினால் என்ன என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: ஒரு மனுஷனின் நுரையீரல் கொடுக்கிற அழுத்தத்தை இன்னொரு மனுஷனின் நுரையீரல் தாங்கும், துருத்தி எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு அப்படி ஒரு அளவு இல்லை.

1745! வென்டிலேட்டர் என்ற பொருளே இல்லாத காலத்தில், அதன் முதல் எச்சரிக்கை எழுதப்பட்டாயிற்று.

யாரும் கேட்கவில்லை, துருத்தி வந்தது. தண்ணீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றுவதற்கென்று ஐரோப்பாவில் தோன்றிய சங்கங்கள் அதைக் கையில் எடுத்தன. 1820களின் கடைசியில் பாரிஸில் லெரோய் டெத்தியோல் என்பவர் விலங்குகளில் சோதித்து, துருத்தியால் பலமாக ஊதினால் நுரையீரல் கிழிந்து, காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்து, உயிரே போகும் என்று காட்டினார். அதோடு துருத்திக்கு மவுசு போயிற்று. நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுகிற யோசனையே நூறு வருஷத்துக்கு மேல் ஓரம் கட்டப்பட்டது என்று சொல்லலாம். 1928ல் பாஸ்டனில் வந்த இரும்பு நுரையீரல்கூடத் தள்ளுகிற ஜாதி இல்லை. உடம்பைச் சுற்றிக் காற்றை உறிஞ்சி, நெஞ்சை விரியவைத்து, காற்று தானாக உள்ளே போகும்படி செய்கிற ஜாதி.

இதைத் திருப்பிப் போட்டது 1952ன் கோபன்ஹேகன். போலியோ அலை. பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், நெஞ்சில் கட்டும் கவசக் கருவிகள் ஆறும். முதல் மூன்று வாரத்தில் மூச்சுத் தசை செயலிழந்து இவற்றில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரை அழைத்தார்கள். ஆகஸ்ட் 27ஆம் தேதி, சாகக் கிடந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைத் தள்ளினார். சிறுமி பிழைத்தாள். அதன்பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் பை அமுக்கினார்கள். நவீன ஐசியூவின் பிறப்புக் கதையாக இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. பை அமுக்குகிறவன் கைக்கு நுரையீரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று தெரியும். ஃபாதர்கில் கேட்ட அளவுகோல் அதுதான், மனுஷக் கை. கொஞ்ச நாளிலேயே அந்த வேலை மெஷினுக்குப் போய்விட்டது.

இங்கே கொஞ்சம் இயற்பியல் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் மேலே வரும் சண்டை புரியாது.

மளிகைக் கடையில் புதுப் பாலிதீன் கவரைப் பிரிக்க முயன்றிருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு படாத பாடு படுத்தும். ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு ஓரம் பிரிந்துவிட்டால் பிறகு சுலபம். நுரையீரலின் காற்றறைகளும் உள்ளே ஈரமான சின்னச் சின்னப் பைகள்தான். மூடிக்கொண்டால் திறப்பதற்கு நிறைய அழுத்தம் வேண்டும். திறந்ததைத் திறந்தபடி வைத்திருப்பதற்கு அதைவிடக் குறைவு போதும். இந்த முழுக் கதையும் அந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்த ஒட்டுதலுக்குக் காரணம் நீரின் பரப்பு இழுவிசை. 1929லேயே ஸ்விட்சர்லாந்தில் கர்ட் ஃபான் நெயர்கார்ட் நுரையீரலைக் காற்றால் நிரப்பியும் திரவத்தால் நிரப்பியும் பார்த்தார். திரவத்தால் நிரப்ப மிகக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. உள்ளே காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு இல்லாமல் போனால் இழுவிசையும் இல்லை. அருமையான சோதனை. கால் நூற்றாண்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகுதான் ஜான் கிளெமென்ட்ஸ் போன்றவர்கள், நுரையீரல் தனக்குத்தானே சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சுரந்து அந்த இழுவிசையைக் குறைத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். சர்ஃபாக்டன்ட் என்று பெயர். 1959ல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும், குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறிச் சாவது இந்தப் பொருள் போதாமல்தான் என்று காட்டினார்கள்.

காரணம் தெரிந்தாலும் வைத்தியம் இல்லை. 1963 ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகவே ஒரு மகன் பிறந்தான். அதே நோய். உலகத்தின் அத்தனை வசதியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் 39 மணி நேரம்தான் வாழ்ந்தான்.

வழி காட்டியது குழந்தைகளே. இந்த நோய் வந்த குழந்தை ஒவ்வொரு மூச்சை விடும்போதும் முனகும். வலியால் முனகுகிறது என்று தோன்றும். உண்மையில் அது தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு காற்றை முழுசாக வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. விட்டுவிட்டால் பை ஒட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவில் 1968ல் ஹாரிசன் குழுவினர், குழாய் போட்டு அந்த முனகலை நிறுத்தினால் குழந்தையின் ஆக்ஸிஜன் இறங்குவதைப் பதிவு செய்தார்கள். 1971ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரி, குழந்தை செய்வதையே கருவியால் செய்தார். மூச்சு முழுவதும் காற்றுப் பாதையில் கொஞ்சம் அழுத்தத்தை விடாமல் வைத்திருந்தார். 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. நான் படித்ததிலேயே மனதை அதிகம் தொட்ட பகுதி இது. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத உயிர் தன் தொண்டையாலேயே செய்துகொண்டிருந்த வைத்தியத்தை மருத்துவம் கற்றுக்கொண்டது.

பெரியவர்கள் பக்கம் என்ன நடந்தது? 1963ல் பாஸ்டனில் பெண்டிக்சன், ஹெட்லி-வைட், லேவர் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்து மெஷினில் ஒரே அளவாக மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால், நேரம் போகப் போக ரத்த ஆக்ஸிஜன் இறங்குகிறது. நடுவில் நன்றாக ஆழமாக ஊதிவிட்டால் மறுபடி ஏறுகிறது. நாம் எல்லாரும் நம்மை அறியாமல் மணிக்குச் சுமார் பத்துத் தடவை பெருமூச்சு விடுகிறோம். கவலையால் இல்லை, மூடத் தொடங்கும் அறைகளைத் திறந்துவிட. மெஷினுக்குப் பெருமூச்சு விடத் தெரியாது. அதனால் அந்தக் காலத்து வென்டிலேட்டர்களில் பெருமூச்சுக்கென்றே தனியாக ஓர் அமைப்பு வைத்தார்கள். பென்னட் எம்.ஏ-1 என்ற புகழ்பெற்ற மாடலில் அது உண்டு.

பிறகு, பெருமூச்சு எதற்கு, ஒவ்வொரு மூச்சையுமே பெரிசாகக் கொடுத்துவிட்டால் போச்சு என்று முடிவு செய்தார்கள். உடல் எடைக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி என்பது வழக்கமாயிற்று. நாம் சும்மா இருக்கும்போது விடும் மூச்சு அதில் பாதிதான். எங்கள் துறையில் இதைத் தினமும் பார்க்கிறேன்: ஒரு பக்கைச் சரிசெய்யப் போட்ட ஒட்டு பத்து வருஷம் கழித்து பெரிய பக்காக வந்து நிற்கும்.

1967 ஆகஸ்டில் லான்செட் இதழில் டென்வர் குழு, ஆஷ்பாவும் பெட்டியும் மற்றவர்களும், 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு விபத்து, ஒருவருக்கு வைரஸ் காய்ச்சல், ஒருவருக்குக் கணையம் என்று தொடக்கம் வேறு வேறு. ஆனால் முடிவில் எல்லாருடைய நுரையீரலும் ஒரே மாதிரி ஈரமாகி, விறைத்து, மூடிக்கொண்டிருந்தது. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் போலவே. இதுதான் இன்று ஏ.ஆர்.டி.எஸ். என்கிற நோய், கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் கேள்விப்பட்டது. மூச்சு விட்டு முடிக்கும்போதும் உள்ளே கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைத்தபோது ஆக்ஸிஜன் ஏறியது. அப்படி வைக்கப்பட்ட ஐந்து பேரில் மூன்று பேர் பிழைத்தார்கள்; வைக்கப்படாத ஏழு பேரில் இருவர். இந்த மிச்ச அழுத்தத்துக்குப் பெயர் பீப். குழந்தையின் முனகலுக்கு மெஷின் வைத்த பெயர் என்று நான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த இருபது வருஷத்தில் இரண்டு எச்சரிக்கைகள் வந்தன. 1970ல் மீட் குழுவினர் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். மூடிய பகுதியும் திறந்த பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அவற்றின் எல்லையில் திசுவின் மேல் விழும் இழுப்பு எவ்வளவு? வெளியே நாம் 30 கொடுத்தால் அந்த எல்லையில் அது 140க்குச் சமமாகலாம் என்று வந்தது. (இந்த அழுத்தம் எல்லாமே நீர்க் கம்பத்தின் உயரத்தால் அளப்பது, 30 என்றால் 30 சென்டிமீட்டர் நீர்.) 1974ல் வெப், டியர்னி இருவரும் எலிகளை 45 அழுத்தத்தில், பீப் இல்லாமல் வென்டிலேட் செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரல் நீர் கோத்துப் போனது. அதே 45தான், ஆனால் 10 பீப் வைத்த எலிகளுக்கு அவ்வளவு சேதம் இல்லை. அதாவது ஊதுவது ஒரு சேதம். ஒவ்வொரு மூச்சிலும் மூடி மூடித் திறப்பது இன்னொரு சேதம்.

நடுவே சிடி ஸ்கேன் வந்தது. அதுவரை நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏ.ஆர்.டி.எஸ். நுரையீரல் முழுக்க வெள்ளையாகத் தெரியும், முழுக்கக் கெட்டுப்போயிற்று என்றே நினைத்தார்கள். 1980களின் நடுவில் மிலானில் லூசியானோ கட்டினோனி சிடியில் பார்த்தால் கதையே வேறு. மல்லாக்கப் படுத்திருப்பவரின் முதுகுப் பக்கம் மூடிக்கிடக்கிறது. நெஞ்சுப் பக்கம் ஓரளவு நல்ல நுரையீரல் இருக்கிறது, ஆனால் ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு இருக்கும் அளவுதான். அதற்கு அவர் 'பேபி லங்' என்று பெயர் வைத்தார். பெரியவருக்கான காற்றை முழுக்க அந்தக் குழந்தை நுரையீரலுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அதைவிட ஆச்சரியம், நோயாளியைக் குப்புறப் போட்டு ஸ்கேன் எடுத்தால் மூடிய பகுதி இடம் மாறி, இப்போது கீழே வந்த நெஞ்சுப் பக்கத்துக்குப் போயிருந்தது. நனைந்த ஸ்பாஞ்சு மாதிரி: கனத்துப்போன நுரையீரல் தன் எடையாலேயே தன் அடிப்பகுதியை நசுக்கிக்கொள்கிறது.

ஸ்வீடனில் ஹெடென்ஸ்டியெர்னா குழுவினர் இதையே ஆரோக்கியமானவர்களிடம் பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்த சில நிமிஷங்களில் நல்ல நுரையீரலிலும் அடியில் ஒரு பட்டை மூடிக்கொள்கிறது. 1993ல் அவர்களில் ரோத்தன் எழுதிய கட்டுரை கணக்கைத் துல்லியமாகத் தந்தது: 30 அழுத்தத்தில் பாதி திறந்தது, முழுசாகத் திறக்க 40 அழுத்தம், 15 வினாடி. எத்தனை சுத்தமான முடிவு பாருங்கள்! நல்ல நுரையீரலுக்கு, ஆபரேஷன் மேசையில்.

இதற்குச் சற்று முன், 1992ல், ராட்டர்டாமில் இருந்த புர்க்ஹார்ட் லாக்மன் ஒரு தலையங்கம் எழுதினார். நுரையீரலைத் திற, திறந்தே வைத்திரு என்பதுதான் தலைப்பின் பொருள். ஐசியூ உலகத்தில் அது ஒரு கோஷம் மாதிரி ஆயிற்று. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. திறக்க அதிக அழுத்தம் வேண்டுமா, ஒரே ஒரு தடவை கொடு. திறந்திருக்கக் குறைவு போதுமா, பீப்பை அந்த அளவில் வை. இனி மூடித் திறக்கும் சேதமும் இல்லை, எல்லையில் 140 இழுப்பும் இல்லை. இன்றைக்குப் படித்தாலும் எனக்குத் தலையாட்டத்தான் தோன்றுகிறது.

1998ல் சாவோ பாலோவிலிருந்து மார்செலோ அமாட்டோவின் ஆய்வு வந்தது. நான் நள்ளிரவில் ஒப்பித்தது இதைத்தான். 53 நோயாளிகள். சின்ன மூச்சு, உயர்ந்த பீப், ஊதித் திறத்தல் மூன்றும் சேர்ந்த குழுவில் 28 நாளில் 38 சதவீதம் பேர் இறந்தார்கள். பழைய முறையில் 71 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்தால் யார்தான் அடுத்த நாளே ஆரம்பிக்க மாட்டார்கள்? ஆனால் 53 பேர். அதிலும் மூன்று மாற்றங்கள் ஒன்றாக. எது காப்பாற்றியது என்று எப்படித் தெரியும்? ஒரே ரிலீஸில் மூன்று மாற்றங்களைத் தள்ளிவிட்டு, வேகம் கூடியதற்கு எது காரணம் என்று கேட்பது மாதிரி.

மூன்றில் ஒன்றுக்கு 2000ல் பதில் கிடைத்தது. அமெரிக்காவில் ஏ.ஆர்.டி.எஸ். நெட்வொர்க் 861 பேரிடம் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்த்தது: மூச்சின் அளவு. கிலோவுக்கு 12 மில்லியா, 6 மில்லியா. அந்தக் கிலோவும் தராசுக் கிலோ இல்லை. உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. ஆள் குண்டானாலும் நுரையீரல் குண்டாவதில்லை. 12 மில்லியில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லியில் 31. நான் இரண்டு தடவை படித்த வரி இன்னொன்று: முதல் சில நாட்களில் ரத்த ஆக்ஸிஜன் நன்றாக இருந்தது 12 மில்லிக் குழுவுக்குத்தான். அதிகம் செத்த குழுவுக்கு.

டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிய எரிய உள்ளே சர்வர் செத்துக்கொண்டிருந்த இரவுகள் எனக்கு உண்டு. இருந்தாலும் இதைப் படித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. மாமாவின் ஆக்ஸிஜன் எண் 88, 91, 86 என்று ஒவ்வொரு நாளும் போனில் கேட்டு, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுக்கொண்டிருந்தவன் நான்தான்.

அதன்பின் உயர்ந்த பீப்பைத் தனியாகச் சோதித்தார்கள். 2004ல் ஒன்று, 2008ல் இரண்டு, மூன்றுமே பெரிய ஆய்வுகள். இறப்பில் தெளிவான வித்தியாசம் எதிலும் இல்லை. 2006ல் இரண்டு கட்டுரைகள் வந்தன, இரண்டு திசையில் இழுத்தன. சாவோ பாலோ குழு 26 பேரிடம் அழுத்தத்தைப் படிப்படியாக 60 வரைக்கும் ஏற்றி, 24 பேருக்கு நுரையீரலைத் திறந்து காட்டியது. மிலான் குழு 68 பேரை 45 அழுத்தத்தில் சிடி எடுத்துப் பார்த்தது. சராசரியாக நுரையீரல் எடையில் 13 சதவீதம்தான் திறக்கக்கூடியதாக இருந்தது. ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே திறக்கவில்லை. ஏனென்றால் சிலருக்கு அறைகள் ஒட்டிக்கொண்டில்லை, சீழும் நீரும் நிறைந்து கிடக்கின்றன. நிரம்பிய குடத்தை எவ்வளவு ஊதினாலும் என்ன? ஊதின காற்று எங்கே போகும்? ஏற்கனவே திறந்திருக்கும் அந்தக் குழந்தை நுரையீரலுக்குத்தான் போகும்.

கடைசியில் பெரிய சோதனை. பெயர் ஆர்ட். பிரேசில் தலைமையில் 9 நாடுகள், 120 ஐசியூக்கள், ஆயிரத்துக்கும் சற்று அதிகமான நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான சின்ன மூச்சும் குறைந்த பீப்பும். மறு பாதிக்கு அதோடு படிப்படியாக ஊதித் திறத்தல், பிறகு அவரவருக்கு ஏற்றபடி பீப். உச்ச அழுத்தம் 60. பாதி வழியில், இந்த முறையோடு தொடர்பிருக்கலாம் என்று கருதப்பட்ட மூன்று மாரடைப்புகள் நேர்ந்தன. இதயம் நின்றே போன கேஸ்கள். உச்சத்தை 50க்கு இறக்கித் தொடர்ந்தார்கள்.

2017 செப்டம்பரில் முடிவு வந்தது. திறந்த குழுவில் 28 நாளில் இறந்தவர்கள் 55.3 சதவீதம். திறக்காத குழுவில் 49.3. ஆறு மாதத்தில் 65.3, 59.9. நுரையீரலில் காற்றுக் கிழிசல் 5.6க்கு 1.6. ஆக, டாக்டர் சொன்ன 2017 இதுதான்.

பிபி ஏன் விழும் என்பதற்கும் விளக்கம் எளிது. இதயத்துக்கு ரத்தம் திரும்பி வருவது மெல்லிய சுவருள்ள சிரைகள் வழியாக, மிகக் குறைந்த அழுத்தத்தில். நெஞ்சுக்கூட்டுக்குள் 50, 60 என்று அழுத்தத்தை ஏற்றி நிமிஷக் கணக்கில் பிடித்து வைத்தால் அந்த ரத்தம் உள்ளே வர முடியாமல் நிற்கும். வராத ரத்தத்தை இதயம் எதை வைத்து வெளியே தள்ளும்? ஏற்கனவே தள்ளாடிக்கொண்டிருக்கிற உடம்பு வேறு.

இந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலைக் கொஞ்சம் கீழே வரைக்கும் படித்தேன். கடைசிப் பெயர்களுக்கு நடுவே மார்செலோ அமாட்டோ இருக்கிறார். 1998ல் அவரோடு இருந்த கார்வால்யோவும் இருக்கிறார். இருபது வருஷம் நம்பிய ஒன்றை, தோற்கக்கூடிய அளவுக்குப் பெரிய சோதனைக்கு அனுப்பிவிட்டு, தோற்றதும் அதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். லாக்மனையோ அமாட்டோவையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

அடுத்து ஆஸ்திரேலியத் தலைமையில் நடந்துகொண்டிருந்த இதே மாதிரிச் சோதனை 340 பேருக்குத் திட்டமிட்டு, 115 பேரோடு நிறுத்தப்பட்டது. 2023ல் ஐரோப்பிய ஐசியூ மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டியில், 35க்கு மேல் அழுத்தம் வைத்து ஒரு நிமிஷமோ அதற்கு மேலோ ஊதித் திறப்பதை இறப்பைக் குறைக்கும் நோக்கில் செய்ய வேண்டாம் என்று உறுதியாகவே எழுதிவிட்டது. குறுகிய நேரம் செய்வதையும் வழக்கமாக்க வேண்டாம் என்றது, சற்று மென்மையான குரலில்.

அப்படியானால் மூடிய நுரையீரலை என்ன செய்வது? ஜெயித்தது அழுத்தம் இல்லை, பூமியின் ஈர்ப்பு. குப்புறப் போடும் யோசனை 1970களிலேயே உண்டு. 1976ல் பீல், பிரவுன் இருவரும் ஐந்து நோயாளிகளிடம் ஆக்ஸிஜன் ஏறியதை எழுதினார்கள். நடுவில் பல ஆய்வுகள் ஒன்றும் தேறவில்லை. 2013ல் லியோனைச் சேர்ந்த குளோத் கெரன் தலைமையில் 466 பேரிடம், நோய் முற்றியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரே தடவையில் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் போட்டார்கள். 28 நாள் இறப்பு 32.8லிருந்து 16 சதவீதம். பாதி! மெஷினில் ஒரு பொத்தானும் கூடுதல் இல்லை. ஆனால் குழாயும் ஊசிகளும் கழன்றுவிடாமல் ஒருவரைப் புரட்ட நாலைந்து பேர், ஒருவர் தலைமாட்டில் குழாயைப் பிடித்துக்கொண்டு. 2021ல் பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து வழிந்துகொண்டு அதைத்தான் ஊர் ஊராகச் செய்தார்கள்.

வழக்கு முடிந்ததா என்றால், இல்லை. திறக்கக்கூடியவர், திறக்காதவர் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் ஊதியதுதான் ஆர்ட்டின் தப்பு என்று ஒரு கட்சி சொல்கிறது. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பிரிப்பது சுலபமில்லை. 2019ல் பிரான்சில் 420 பேரைக் கொண்ட ஒரு ஆய்வு, ஸ்கேன் பார்த்து நோயாளிகளை இரண்டு வகையாகப் பிரித்து வகைக்கொரு சிகிச்சை கொடுத்தது. பின்னால் சரிபார்த்தபோது 21 சதவீதம் பேர் தப்பான வகையில் விழுந்திருந்தார்கள், அவர்கள் நிலைமை மோசமாகியிருந்தது. நெஞ்சைச் சுற்றி மின்முனைப் பட்டை கட்டி, காற்று எங்கே போகிறது என்று படுக்கையிலேயே பார்க்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. ஆபரேஷன் தியேட்டரில் நல்ல நுரையீரலுக்கு ஒரு நாற்பது ஊதிவிடுவது இன்றும் நடக்கிறது. அது வேறு வழக்கு.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தம்பி போனதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "அந்த மிஷினுல காத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சிருக்கக் கூடாதா?" கவர், குடம், ஸ்பாஞ்சு எல்லாம் சொல்லி, கூட்டி வைத்திருந்தால் சீக்கிரமே போயிருக்கலாம் என்றேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "குப்புறப் போட்டப்ப அவனுக்கு மூச்சு முட்டியிருக்குமாடா?" என்றாள்.

இல்லைம்மா, மயக்கத்துலதான் வச்சிருந்தாங்க, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது என்றேன்.